எட்டு முடியுது டீச்சர், அடுத்து எங்கே?

(வாசகர் கேள்விகள் – ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியையின் பதில்கள்)

எட்டாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். பொங்கல் விடுமுறை முடிவதற்குள் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் 29 வருடம் வேலை பார்த்தேன். கடைசி 11 வருடம் தலைமை ஆசிரியை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் எங்கள் கேட்டைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போவார்கள். அந்த ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில்தான் பிள்ளைகள் தவறிப்போகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

"என் மகள் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். ஒன்பதாவதுக்கு 7 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேல்நிலைப்பள்ளிக்குப் போகணும். காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். 'வயசுக்கு வந்த பிள்ளை, எட்டு வரைக்கும் படிச்சது போதும்' என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். எதிலிருந்து ஆரம்பிப்பது டீச்சர்?"
– ஓர் அம்மா, மணப்பாறை அருகே

அம்மா, இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஜூன் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பெண்ணை நான் அப்படித் தவறவிட்டிருக்கிறேன்.

நான் தலைமை ஆசிரியையான மூன்றாவது வருடம். எட்டாம் வகுப்பில் 14 பேர். தேர்வு முடிந்தது, டி.சி. எழுதினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், 'நல்லாப் படிங்க' என்று அனுப்பினேன். அதோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆகஸ்டில் ஒரு பயிற்சிக்காகப் பக்கத்து உயர்நிலைப்பள்ளிக்குப் போனபோது ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பார்த்தேன். என் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எண்ணினேன். பதின்மூன்று பேர். 'அவ வரவே இல்லை டீச்சர்' என்றார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் அதிகம். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்து நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்காக விடியற்காலையிலேயே பறிக்கப் போய்விடுவார்கள். அவளும் ஜூனிலிருந்து பூப்பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டோடு சேர்த்து நாலாக மடித்து வைத்திருந்தார், நான் கையெழுத்துப் போட்ட அந்த டி.சி.யை.

யாரும் அவளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூன் முதல் வாரம் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு புதுப் பள்ளிக்குப் போயிருக்கிறார். 'சாதிச் சான்றிதழ் கொண்டு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு நாள் கூலியை விட அவரால் முடியவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போய்ப் பூ சீசன் வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. 'இப்பவே வா, நான் கூட வர்றேன்' என்று கூப்பிட்டேன். 'நடுவுல போனா எல்லாரும் பார்ப்பாங்க டீச்சர்' என்றாள். அடுத்த ஜூனில்தான் சேர்ந்தாள். அந்த ஒரு வருடம் அவளுக்குப் போனது போனதுதான். எட்டு வரைக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் நாம்தான் பிடிக்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதத்துக்குள் ஒரு வேலை நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு அதே டவுன் பஸ்ஸில் அந்தப் பள்ளிக்குப் போய் வாருங்கள். பள்ளி நேரத்துக்கே போங்கள். பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு கூட்டம், இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை எல்லாம் அவள் தெரிந்துகொள்ளட்டும். பள்ளியில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பெண்கள் கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து ஏற்கெனவே அங்கே போய்வரும் பத்தாவது, பிளஸ் டூ பெண்பிள்ளைகள் யார் என்று விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு மகளோடு பேசவிடுங்கள். உங்கள் பயத்தில் பாதி அன்றைக்கே போய்விடும்.

ஒரே பஸ் என்பது பெரிய பிரச்சினைதான். காலையில் எப்படியோ போய்விடுவார்கள், சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடிந்து வருவதுதான் கஷ்டம். பஸ் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு இரண்டு பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களும் சேர்ந்து மனு கொடுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த நிறுத்தம், பள்ளி விடும் நேரம் என்ன என்பதை எல்லாம் மனுவில் எழுத வேண்டும். எங்கள் ஊருக்கு அப்படித்தான் சாயங்கால பஸ் இருபது நிமிடம் தள்ளிப்போனது. பஸ் பாஸ் இலவசம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எதுவும் சரிவரவில்லை என்றால் அரசு விடுதி இருக்கிறது. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். மே மாதத்திலேயே விசாரித்து வையுங்கள்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். பேத்தி மேல் உள்ள பயத்தில்தான் பேசுகிறார். அவரிடம் ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்கள்: ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். புதுமைப் பெண் திட்டம் என்று 2022 செப்டம்பரில் தொடங்கினார்கள். உங்கள் மகள் அதற்கான மூன்று வருடத்தை ஏற்கெனவே முடித்துவிட்டாள். இன்னும் நாலே வருடம்தான். எங்கள் ஊரில் ஒரு பாட்டி, இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு பேத்தியைத் தானே பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்.

"பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகன் ஆர்.டி.இ. (கட்டாயக் கல்விச் சட்டம்) 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. முதல் ஒரு மெட்ரிக் பள்ளியில் படிக்கிறான். இப்போது எட்டாவது. ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். அரசுப் பள்ளிக்கு மாற்றினால் இத்தனை வருடம் படித்தது வீணாகிவிடுமா?"
– ஒரு தந்தை, திருப்பூர்

வீணாகாது தம்பி. மெட்ரிக் பள்ளி புத்தகமும் அரசுப் பள்ளி புத்தகமும் சமச்சீர்க் கல்வி வந்த நாளிலிருந்து ஒன்றுதான். ஆங்கிலவழிப் பிரிவு உள்ள அரசு மேல்நிலைப்பள்ளியாகப் பார்த்துச் சேர்த்தால் பையனுக்குப் பாடத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

அவர்கள் கட்டணம் கேட்பதில் சட்டப்படித் தவறில்லை. அந்த ஒதுக்கீடு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டண நிர்ணயக் குழு வகுப்புவாரியாக ஒரு தொகை போட்டுக் கொடுத்திருக்கும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதைப் பார்த்த பிறகு, நாலு வருடத்துக்கும் சேர்த்து உங்களால் முடியுமா என்று கணக்குப் போடுங்கள். ஒரு வருடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பத்தாவது நடுவில் தடுமாறுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த நிலையில் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மகன் தனியார் பள்ளியில் படித்தவனாயிற்றே என்று தோன்றும். ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் மாற்றுவது என்றால் ஒன்பதிலேயே மாற்றிவிடுங்கள். பத்தாவது முடித்துவிட்டு மாற்றினால் இந்தக் கதவு மூடிவிடும். அவன் ஆர்.டி.இ.யில் படித்ததற்கான சான்றைப் பழைய பள்ளியிலிருந்து இப்போதே எழுத்தில் வாங்கி டி.சி. நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் கழித்துக் கேட்டால் தேடிக் கொடுக்க அங்கே யார் இருப்பார்களோ!

பாக்கி இருக்கிறது என்று சொல்லி டி.சி.யைப் பிடித்து வைத்தால் பயப்படாதீர்கள். கட்டண வசூலுக்கு டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேர்க்கப் போகும் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். வழி இருக்கிறது.

பையனிடம் பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. பத்து வருட நண்பர்களை விட்டுவிட்டு வரப்போகிறவன் அவன். 'காசு இல்லை, அதனால் மாத்துறேன்' என்பது அவன் காதில் விழுகிற முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. சேரப் போகும் பள்ளி மைதானத்தை ஒரு மாலை நேரம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம் உட்கார்ந்து வரவு செலவை அவனிடமே காட்டிப் பேசுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

"ஒன்பதாவதிலும் இலவசச் சீருடை, மதிய உணவு, சைக்கிள் எல்லாம் உண்டா?"
– வாசகி, தேனி

சீருடை எட்டாவதோடு நின்றுவிடும். இது தெரியாமல் ஜூனில் திண்டாடும் அம்மாக்கள் நிறையப் பேர். புதுப் பள்ளியின் நிறம் என்ன என்று கேட்டு, இரண்டு செட் துணிக்கும் தையல் கூலிக்கும் இப்போதிருந்தே கொஞ்சம் எடுத்து வையுங்கள். மதிய உணவு பத்தாவது வரை உண்டு. புத்தகம் உண்டு. சைக்கிள் பிளஸ் ஒன்னில்தான்.

"டீச்சர், நான் ஒன்றாவதிலிருந்து தமிழ்வழி. சேரப்போகும் பள்ளியில் ஆங்கிலவழியும் இருக்கிறது. பிளஸ் டூ-வில் கஷ்டப்படக் கூடாது என்றால் இப்பவே மாறு என்று அண்ணன் சொல்கிறான். எனக்கு எஸ்.ஐ. ஆகணும். மாறலாமா?"
– எட்டாம் வகுப்பு மாணவன், விருத்தாசலம்

தம்பி, நீயே உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். எஸ்.ஐ. ஆகணும் என்று சொல்லியிருப்பதால் முதலில் இதைத் தெரிந்துகொள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-இல் வந்த சட்டம். 2020-இல் அதைத் திருத்தி, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எஸ்.ஐ. தேர்விலும் அது உண்டு. ஒன்பதாவதில் நீ ஆங்கிலவழிக்கு மாறினால் எட்டு வருடம் சேர்த்து வைத்தது போய்விடும். பிறகு திரும்பி வந்தாலும் ஒட்டாது.

அதற்காக ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கல்லூரியில் போய் முதல்முறையாக அந்த வார்த்தைகளைப் பார்த்தால் தலை சுற்றும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் பள்ளியில் செய்து பார்த்ததுதான். ஒரு 80 பக்க நோட்டு வாங்கு. நடுவில் கோடு போடு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். எதிரெதிரே எழுதிக்கொண்டே வா: நிறை – மாஸ். எடை – வெயிட். திசைவேகம் – வெலாசிட்டி. முடுக்கம் – ஆக்ஸிலரேஷன். வலது பக்கத்தை ஆங்கில எழுத்தில், எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டும். பாடம் நடக்கும் அன்றைக்கே எழுதிவிடு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை போதும். நாலு வருடத்தில் அந்த நோட்டு உனக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று நீயே பார்ப்பாய்.

அப்பாவும் அம்மாவும் மாறித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தால், மே மாத விடுமுறையில் ஒரு சோதனை வைத்துக்கொள். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலவழி அறிவியல் புத்தகத்தில் முதல் பாடம் அளவீடு. அதில் இரண்டு பக்கத்தை நீயாகவே படித்து, என்ன சொல்லியிருக்கிறது என்று அண்ணனுக்குத் தமிழில் சொல்லு. சொல்ல முடிந்தால் சமாளிப்பாய். திணறினால் அவனுக்கே புரிந்துவிடும்.

"நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். 22 பிள்ளைகள். இவர்களை அடுத்த பள்ளிக்கு அனுப்ப நான் என்னென்ன செய்யலாம்? டி.சி.யும் எமிஸ் இணையதளப் பதிவும் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார்."
– ஆசிரியை, ஊத்தங்கரை

உங்கள் கேள்வியைப் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. நான் மூன்று வருடம் தாமதமாகக் கேட்ட கேள்வி இது.

பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் ஒருவரும் தூக்க மாட்டார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல், 'பெரிய பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன கேட்கணும்?' என்று மட்டும் சொல்லுங்கள். நான் முதல்முறை இதைச் செய்தபோது, கணக்கு கஷ்டமா, ஆங்கிலம் கஷ்டமா என்று எழுதுவார்கள் என்று நினைத்தேன். சாக்பீஸ் டப்பாவில் விழுந்த சீட்டுகள் இப்படி இருந்தன: 'அங்கே அடிப்பாங்களா?' 'சாப்பாட்டுக்குத் தட்டு கொண்டு போகணுமா, அங்கேயே குடுப்பாங்களா?' 'பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?' 'நானும் அவளும் ஒரே செக்‌ஷனா?' 'பஸ்ஸை விட்டுட்டா அன்னைக்கு ஆப்சென்டா?' ஒரு சீட்டில் மட்டும் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தது: 'எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு அங்கே சொல்லிடுவீங்களா?'

அந்தச் சீட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த ஏப்ரலில் என் பிள்ளைகளை அரைநாள் அழைத்துவரச் சொன்னார். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனோம். ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். அறிவியல் ஆய்வகத்தில் கூட்டமாக உரசிக்கொண்டு நின்று லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைப் பார்த்தார்கள். எங்கள் பழைய மாணவர்கள் இரண்டு பேர் தாழ்ப்பாள் உள்ள கழிவறை எது என்று காட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரை ஒவ்வொரு ஏப்ரலிலும் இதை விட்டதில்லை. உங்கள் பிள்ளைகள் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பிரிந்து போவார்கள் என்றால், அதிகம் பேர் போகும் பள்ளிக்காவது கூட்டிப்போங்கள்.

அடுத்தது பெயர். தயவுசெய்து இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு, எமிஸ் ஆகிய நாலிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று 22 பேருக்கும் உட்கார்ந்து பாருங்கள். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் தனித்தனியாக. என் வகுப்பில் ஒருவன் வீட்டில் கூப்பிடும் பெயரிலேயே எட்டு வருடம் படித்துவிட்டான். பிறப்புச் சான்றிதழில் அவனுக்குத் தாத்தா பெயரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஐந்து வயது நிறைவதற்காக ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த தேதியைப் போட்டுச் சேர்த்ததுபோல இப்போது நடப்பதில்லைதான். ஆனாலும் ஒரு எழுத்து, ஒரு புள்ளி மாறிப்போவது குறையவில்லை. பத்தாவது மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் பிறகு அதுதான் ஆயுசுக்கும் ஆதாரம். அதைத் திருத்த அலைகிற அலைச்சல் எனக்குத் தெரியும். இப்போதே சரிசெய்தால் ஒரு வாரத்தில் முடியும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியலை இந்த மாதமே எடுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வர நாளாகும். ஜூனில் ஊரே அங்கேதான் நிற்கும். என் மாணவியின் ஒரு வருடத்தைத் தின்றது அந்த ஒரு தாள்தான்.

அப்புறம், என்.எம்.எம்.எஸ். என்னும் உதவித்தொகைத் தேர்வு எழுதியவர்கள் இருந்தால் அவர்களுக்கென்று ஒரு தனிச் சீட்டு எழுதுங்கள். எட்டாவதில் எழுதி வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 பேருக்குத்தான் இடம். அத்தனை பாடுபட்டு ஜெயித்த பிள்ளை, பணத்தை இழப்பது எங்கே தெரியுமா? ஒன்பதாவதில் சேர்ந்த பிறகு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். தேர்வு எழுதியது நம் பள்ளி, பதிவு செய்ய வேண்டியது அடுத்த பள்ளி. நடுவில் யாரும் சொல்லாமல் விட்டால் போச்சு. தனியார் பள்ளிக்கு மாறினாலும் போச்சு. யார் யார் தேறினார்கள், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதி, நீங்களே புதுப் பள்ளியில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலு வரி. மதிப்பெண் வேண்டாம், அது பதிவேட்டில் இருக்கிறது. 'கரும்பலகை சரியாகத் தெரியாது, முன் பெஞ்சில் உட்கார வைக்கவும்.' 'அம்மா இல்லை, பாட்டியிடம் வளர்கிறாள்.' 'வாய்விட்டுப் படிக்கத் திணறுவான், எல்லோர் முன்பும் எழுப்ப வேண்டாம், படம் அருமையாக வரைவான்.' பிள்ளை தனக்கு மட்டும் என்று நம்பிச் சொன்னதை எழுதாதீர்கள். எழுதியதைப் பிள்ளையிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். பென்சிலால் அழுத்தி எழுதியவனைப் பிறகு கண்டுபிடித்தேன். 'சொல்லட்டுமா, வேண்டாமா? நீ சொல்றபடி செய்றேன்' என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, 'ஒரே ஒரு டீச்சர்கிட்ட மட்டும் சொல்லுங்க' என்றான். அந்த ஆசிரியை அவனைத் தினமும் மதியம் பத்து நிமிடம் உட்கார வைத்துப் படிக்க வைத்தார்.

ஜூன் இரண்டாவது வாரம் ஒருநாள் போய் 22 பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள். போக முடியவில்லை என்றால் போன் போட்டாவது கேளுங்கள்.

"பேரன் என்னிடம் வளர்கிறான். அப்பா சிங்கப்பூரில். எட்டு வரை நன்றாகத்தான் போனான். ஒன்பதாவதில் புதுப் பள்ளி. காலாண்டில் கணக்கில் 19, அரையாண்டில் 14. 'இனி போக மாட்டேன், ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்க' என்கிறான். எனக்குக் கணக்கும் தெரியாது. என்ன செய்வது?"
– ஒரு தாத்தா, திருவாரூர்

ஐயா, ஐ.டி.ஐ. நல்ல படிப்பு. எட்டாவது முடித்தவர்களுக்கே சில பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் பத்தாவது முடித்துவிட்டுப் போனால் நல்ல பிரிவுகள் நிறையக் கிடைக்கும். அதை அவனிடம் சொல்லுங்கள். படிக்காதவன் போகும் இடம் என்று மட்டும் ஐ.டி.ஐ.யைச் சொல்லிவிடாதீர்கள்.

எட்டு வரை நன்றாகப் போனான் என்கிறீர்கள். எட்டு வரை எல்லோருமே தேர்ச்சிதான். அதனால் எங்கே விட்டான் என்பது வீட்டுக்குத் தெரிந்திருக்காது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் கணமொழி, மெய்யெண்கள், இயற்கணிதம், முக்கோணவியல் என்று வரிசையாக வரும். பெயரைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். என் அனுபவத்தில் பிள்ளைகள் விழுவது அதில் இல்லை. ஆறாவதிலும் ஏழாவதிலும் வந்த இரண்டு இடங்களில்: குறை எண்கள், பின்னங்கள். மைனஸ் மூன்றோடு ஐந்தைக் கூட்டினால் என்ன என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு என்று சட்டென்று சொல்லவில்லை என்றால், இயற்கணிதத்தில் அவன் போடும் ஒவ்வொரு கணக்கும் அந்த ஒரே இடத்தில்தான் தப்பாகியிருக்கும்.

உங்களுக்குக் கணக்குத் தெரியாது என்பது இதற்குத் தடையே இல்லை. தெருவில் கல்லூரி படிக்கும் பிள்ளை யாராவது இருப்பார்கள். தினமும் அரைமணி நேரம், ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவன் கூச்சப்படுவான், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கும் சொல்லிக் குடுடா' என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் அவனுக்கே பிடிபடும். உங்களிடம் கடன், வரவு என்று சொன்னால் மைனஸ் உடனே விளங்கிவிடும் பாருங்கள். மூன்று ரூபாய் கடன் இருக்கிறது, கையில் ஐந்து ரூபாய் வந்தது, மீதி என்ன?

ஆனால் 19 பதினான்காக இறங்கியதற்குக் கணக்கு மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. புதுப் பள்ளியில் அவனை யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, பஸ்ஸில் ஏதாவது நடக்கிறதா? நேராகக் கேட்டால் சொல்ல மாட்டான். 'மதியம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?' என்று கேளுங்கள். ஒரு வாரம் கேளுங்கள். ஒரு பெயராவது வந்தால் நல்லது. தினமும் 'யார்கூடவும் இல்லை' என்றே வந்தால் மறுநாளே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அவரிடம் சொல்ல முடியாத விஷயமாக இருந்தால், பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டு எண்களும் இலவசம். அவனே கூடப் பேசலாம்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்ததும் மார்க்கைக் கேட்க வேண்டாம். ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் புத்தகம் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.